எலி மாப்ளயும் ஒரு பக்கம் தடித்த புறாவும்

திண்டுக்கல்லில் பூட்டு செய்தவர்கள் எத்தனையோ பேர். எலியின் நஞ்சுக்கொடிக்காக ஒரு கல்லூரியையே எதிர்த்து நின்றவன் ஒருத்தன்தான். ரெட்டியார்சத்திரத்துப் பூந்தோட்டக்காரர் மகன், அறுபதுகளில் என்னோடு ஹாஸ்டல் அறையில் இருந்து விலங்கியல் படித்தவன். நாங்கள் வைத்த பெயர் எலி மாப்ள.

சினை எலியின் நஞ்சுக்கொடி தானே ஒரு ஹார்மோனைச் சுரந்து தாயைப் பாலுக்குத் தயார் செய்கிறது என்று லைப்ரரிப் பத்திரிகையில் படித்துவிட்டான். அன்றிலிருந்து சோறு பிசையும்போதும் அதே பேச்சு. புரொபசர் சிரித்தார். பாலுக்கு உத்தரவு மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வரும், வெளியே விழுகிற கழிவு என்ன உத்தரவு போடும் என்றார்.

“எங்கூர்ல மாடு கன்னு போட்டா, பால் பெருகணும்னு இளங்கொடியச் சாக்குல கட்டி ஆலமரத்துல தொங்க விடுவாக சார். சும்மாவா தொங்க விடுறாக?”

வகுப்பே சிரித்து உருண்டது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நிரூபி, இல்லாவிட்டால் லேபில் நீ வளர்க்கும் எலிக்கூண்டுகளைக் காலி செய் என்றார் புரொபசர்.

அந்த ஜாதி ஹார்மோன் பட்டால் புறாவின் கழுத்தடித் தீனிப்பை தடிக்கும். குஞ்சுக்குப் பால் ஊட்டுகிற பை அது. பேகம்பூர் பாய் ஒருவரிடம் கெஞ்சி ஒரு புறா வாங்கினான். ஒரு சினை எலியைப் பலி கொடுத்து எடுத்த நஞ்சுக்கொடிச் சாறு பையின் வலப்பக்கம், வெறும் உப்புத் தண்ணீர் இடப்பக்கம் என்று தினமும் ஊசி போட்டான்.

வியாழக்கிழமை வெயில் தாங்காதே என்று கூண்டை அடுப்படி நிழலில் வைத்தான். அங்கேதான் வந்தது வினை. பையன்கள் கவுதாரி, புறா என்று எதை அங்கே வைத்தாலும் மெஸ் மாஸ்டர் வறுத்துக் கொடுப்பது ஹாஸ்டல் வழக்கம். வறுத்துவிட்டார். சாப்பிட்டது நாங்கள். நல்ல ருசி.

மாப்ள காலிக் கூண்டோடு வந்து மாஸ்டரை முறைத்தான். மாஸ்டருக்குக் கோபம்.

“சீக்குப் புறாவக் குடுத்துட்டு மொறைக்கிறியாக்கும்? தீனிப்பை ஒரு பக்கம் வெங்காயத் தோலு, ஒரு பக்கம் செருப்புத் தோலு. தூக்கி வீசிட்டேன்.”

“எந்தப் பக்கம்ணே தடிப்பு?”

“சோத்தாங்கைப் பக்கம் அப்பு.”

மாப்ள குப்பைமேட்டில் தலைகீழாகப் பாய்ந்தான்.

மறுநாள் புரொபசர் அந்தப் பையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூண்டுகள் அங்கேயே இருக்கட்டும் என்றார். நாங்கள் மாப்ளயைத் தூக்கிக்கொண்டு ஆடினோம். ஊரையே ஜெயித்த திமிர் எங்களுக்கு.

சாயங்காலம் ஆளைக் காணோம். கல்லூரி ஆலமரத்தில் ஏறி, மிச்ச நஞ்சுக்கொடியைக் கைக்குட்டையில் முடிந்து கட்டிக்கொண்டிருந்தான்.

“செத்த எலிக்கு எதுக்குடா பால்?”

“நமக்காகச் செத்துச்சுல்ல மாப்ள. மொறையாத் தொங்கட்டும்.”

கைக்குட்டை என்னுடையது. நான் திருப்பிக் கேட்கவில்லை.