கறுந்துணி வேந்தனும் மூன்றாம் நம்பர் டோக்கனும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் டோக்கனைப் போல மரியாதையான வில்லன் இதுவரை பிறந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. ஆளைக் கொல்வதற்கு முன்னால் "சாப்டீங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் கொலையைத் தள்ளிவைப்பார்.

பதற வேண்டாம், எல்லாம் விளையாட்டில்தான். டோக்கன் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளை டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறவர். நிஜப் பெயரைக் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்கியே நான் கடைசிவரை கேட்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த அவருடைய மச்சான் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தையும் இருபது முகம் உள்ள ஒரு பகடையையும் மறந்துவிட்டுப் போனான். மாய உலகக் கதை விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அதில் வீரர்கள். பூதம், அரக்கன், வில்லன் எல்லாம் கதை சொல்கிறவரே. வீரன் வெட்டினால் வெட்டு விழுமா விழாதா என்று பகடை சொல்லும். டோக்கன் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் உட்கார்ந்து அந்தப் புத்தகம் முழுவதையும் தமிழில் நோட்டில் எழுதினார். இரண்டாவது வாரமே பகடை பீரோவுக்கு அடியில் போய்விட்டது. பீரோவை நகர்த்த அவர் மனைவி சம்மதிக்கவில்லை. நல்லவேளை, ஆஸ்பத்திரியில் நம்பர் அச்சடித்துத் தர மிஷின் வைத்ததால் பழைய பித்தளை டோக்கன்கள் சும்மா கிடந்தன. ஒன்றிலிருந்து இருபதுவரை ஒரு தகரச் சம்படத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்போம். இருபது வந்தால் பூதம் காலி, ஒன்று வந்தால் நாம் காலி.

திருக்கோகர்ணத்தில் நான் வைத்திருக்கும் பைக் சீட் தைக்கும் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஞாயிறு மதியம் அங்கேதான் ஆட்டம். டோக்கனோடு வேலை பார்க்கும் நர்ஸ் செல்வி அக்கா, எதிர் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் மாரி அண்ணன், நான். முதல் நாளே "நான் டிப்ளமோங்க" என்று சொல்லிவைத்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நானே முந்திக்கொண்டேன். படித்தது ஒன்பதாவது. அதுவும் முழுசாக இல்லை.

டோக்கனின் வில்லன்களை மறக்க முடியாது. மலை உச்சியில் ஒரு ராட்சதப் பாம்பு. மூட்டுவலியால் கீழே இறங்க முடியாமல், மேலே வருகிறவர்களைத் தின்றுகொண்டிருந்தது. செல்வி அக்கா கத்தியை உறைக்குள் போட்டுவிட்டுத் தைலம் எழுதிக்கொடுத்தார். கண்மாய் மடையை அடைத்துக்கொண்டு ஒரு பூதம். "தூர் வாரி எத்தனை வருஷமாச்சுங்க? வாரிட்டு வந்து தண்ணி கேளுங்க" என்றது. மாரி அண்ணன் கட்சி மாறிப் பூதத்தின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

"கொம்பு, கோரப்பல்லு எல்லாம் வேணாங்க" என்பார் டோக்கன். "அவன் சொல்றதும் சரிதானேன்னு ஒரு நிமிசம் நமக்குத் தோணணும். அப்பத்தான் வில்லன் வீட்டுக்குப் போன பொறவும் கூடவே வருவான்."

அப்படித்தான் கறுந்துணி வேந்தன் என் வீட்டுக்கு வந்தான்.

முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிய ராஜா. எதிரியின் பயத்தை அறிந்தவன். அவன் கோட்டைக்குள் நுழைய நாங்கள் ஒரு கள்ளச் சாவி வைத்திருந்தோம். "ஒங்க வீரன் எதுக்குப் பயப்படுவான்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, அடுத்த வாரம் வேந்தன் பேசுவாரு" என்றார் டோக்கன். எழுதிக் கொடுத்தோம். படி இறங்கும்போது மாரி அண்ணன் சிரித்தார்.

"என் வீரனுக்குப் பூனைன்னா பயம்னு எழுதிட்டேன்டா. நீ என்ன எழுதுன?"

டோக்கன் பயம் என்று சொன்னதுமே நான் வீரனை மறந்துவிட்டிருந்தேன். என் பயத்தை எழுதியிருந்தேன். 'நான் ஒன்பதாவதுகூட முடிக்கவில்லை, இவர்களுக்குத் தெரிந்துவிடும்.'

செவ்வாய்க்கிழமை சீட்டைத் திரும்ப வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லார் முன்னாலும் எப்படிக் கேட்பது? நோயாளி மாதிரி உட்கார்ந்தேன். என் நம்பரை டோக்கன் கூப்பிட்டார், உள்ளே போனேன், யாரோ கண்ணில் மருந்து விட்டார்கள். சாயங்காலம்வரை எதிரே வருவது பஸ்ஸா மாடா என்று தெரியவில்லை. சீட்டு கைக்கு வரவில்லை.

ஞாயிறு வந்தது. வேந்தன் வாய் திறந்தான், அதே ஆஸ்பத்திரிக் குரலில்.

"ஒண்ணாம் நம்பர், வாங்க. ஒங்களுக்கு நெருப்புன்னா பயம். சரிங்களா?"

செல்வி அக்கா சம்படத்தைக் குலுக்கிப் பதினாறு எடுத்துத் தப்பித்தார்.

"ரெண்டாம் நம்பர், வாங்க. மியாவ்."

மாரி அண்ணன் நிஜமாகவே காலைத் தூக்கிக்கொண்டார்.

"மூணாம் நம்பர், வாங்க. ஒங்க சீட்டப் படிச்சேங்க..."

"கோட்டைச் சாவி செல்வி அக்கா இடுப்புல இருக்கு!" என்று கத்தினேன். "மாரி அண்ணன் கத்தி மொக்கை! ரெண்டு பேரையும் புடிச்சுக்கங்க, என்னைய விட்டுருங்க!"

கீழே டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. வேந்தன் மெதுவாகச் சொன்னான்:

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலீங்களே."

"ஆத்தாடி!" என்றார் செல்வி அக்கா. "போன வாரம் இவனுக்காகத்தானே நான் தோள்ல அம்பு வாங்குனேன்!"

"பல்லிகூட வால மட்டும்தான்டா விட்டுட்டு ஓடும்" என்றார் மாரி அண்ணன். "நீ எங்கள முழுசா விட்டுட்டியேடா!"

விளையாட்டுதான், தெரியும். ஆனால் அந்தக் கத்தலில் விளையாட்டு இல்லை. அந்த ஒரு துண்டுச் சீட்டுக்காக நிஜமாகவே இருவரையும் கொடுத்திருப்பேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று ஞாயிறு ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டில் கிடந்தேன்.

நான்காவது வாரம் டோக்கன் தன் ஸ்கூட்டர் சீட்டோடு கடைக்கு வந்தார். துளியூண்டு கிழிசல். அதன்மேல் அவருடைய நோட்டு.

"வேந்தன் பக்கத்தப் படிச்சுப் பாருங்க தம்பி."

படித்தேன். 'குருகுலத்தில் பாதியில் ஓடிவந்தவன். யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் முகத்தை மூடியிருக்கிறான். மூன்றாம் வீரனைத் தனியே கூப்பிட்டு இதைச் சொல்வான். அவன் "நானும்தான்" என்றால், சண்டை இல்லாமல் கோட்டைக் கதவைத் திறந்துவிடுவான்.'

காது சுட்டது. "என் சீட்டப் பாத்துட்டு எழுதுனீங்களா?"

"மூணாம் வீரன்ங்கிற வரி மட்டும் அதப் பாத்துங்க. மத்தது முந்தியே எழுதுனது." ஸ்கூட்டர் சீட்டின் கிழிசலைத் தடவிக்கொண்டே சொன்னார். "நான் எட்டாவதுங்க. நீங்க ஒரு கிளாஸ் கூட."

அந்த ஞாயிறு போனேன். எனக்காக அதே இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினார். செல்வி அக்கா சாவியைக் கைப்பைக்குள் போடுவதுபோல் நடித்துக்காட்டி ஜிப்பை இழுத்தார். "மூணாம் நம்பர், தனியா வாங்க" என்றான் வேந்தன். ஜன்னலோரம் போனேன். தன் ரகசியத்தைச் சொன்னான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. வாய்வரை வந்தது. திரும்பிப் பார்த்தேன், அக்காவும் அண்ணனும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு இருட்டுன்னா பயங்க" என்றேன்.

டோக்கன் நோட்டின் பக்கத்தைப் புரட்டினார். "சரிங்க. போய் உக்காருங்க" என்றார். சம்படத்தைக் குலுக்கினேன். ஒன்று.

இரண்டே மாதத்தில் டோக்கன் ஆஸ்பத்திரியின் கறம்பக்குடிக் கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். சம்படத்தை என் கடையில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கோட்டைக் கதவு இன்னும் திறக்கவில்லை.

செல்வி அக்கா, மாரி அண்ணே, இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். டிப்ளமோ இல்லை. ஒன்பதாவது, பாதி.

வேந்தரே, நானும்தாங்க.