பால்கனி பிடிக்காதவள்

இனிமேல் என் கணவரிடம் உண்மையே பேசுவது என்று தீர்மானித்திருக்கிறேன். இருபத்தைந்து வருடம் தாமதம்.

கல்யாண நாளுக்குக் கப்பல் பயணம் என்று அவரேதான் சொன்னார். எனக்கு ஒரே ஒரு ஆசை. ஏற்காட்டில் பாதி வருடம் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி, எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடுவதுகூடத் தெரியாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல் தெரிய, சொந்த பால்கனியில் கால் நீட்டிக் காபி குடிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் பிரபாகர் ஒண்டிக்கடைப் பக்கம் லாட்ஜ் நடத்துகிறவர். எங்கள் 'லேக் வியூ' அறையில் ஏரி தெரிய வேண்டுமானால் பாத்ரூம் ஸ்டூல்மேல் ஏற வேண்டும். அந்த போர்டை எழுதிய மனிதர் அடுத்தவர் விளம்பரத்தை நம்புவாரா? நாலு கப்பலை ஒப்பிட நோட்டில் நாலு கட்டம் போட்டார். சேலத்தில் டிக்கெட் போடும் ஷீனாவை மூன்று மாதம் போனில் வறுத்தார்.

"ஏம்மா, உயிர்காக்கும் படகு ஜன்னலை மறைக்குமா? டிப்ஸ் தனியா? எந்த மாடியில ஆட்டம் கம்மி?"

கடைசியில் இரண்டு கப்பல் மிஞ்சின. பெரியதில் பால்கனி அறை. சின்னதில் ஜன்னலே இல்லாத உள்ளறை. எனக்குப் பொறுமை போயிற்று. பழைய வித்தையை எடுத்தேன். நான் நல்லாயிருக்கிறது என்றால் அவர் வேண்டாம் என்பார். கான்வென்டில் சிஸ்டர் கற்றுத் தராத பாடம், கல்யாணமான முதல் மாதமே கற்றுக்கொண்டது.

"ஏனுங்க, அந்தச் சின்னக் கப்பல் நொம்ப நல்லாருக்குங்க."

"அதுல ஜன்னலே இல்லையே."

"ஜன்னல் எதுக்குங்க? உப்புக்காத்து மூஞ்சிக்கு ஆகாது. பால்கனின்னாலே எனக்குத் தலை சுத்துது."

"மலையில பொறந்தவளுக்கா?"

"மலைக்குக் கீழ தரை இருக்குது. அங்க தண்ணி."

கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "ம்" என்றார். மறுப்பதற்கு முன்னால் வருகிற 'ம்' அது. நான் நிம்மதியாக உளுந்து ஊறப்போடப் போனேன்.

மறுநாள் சேலம் இறங்கிப் போனவர் சாயங்காலம் ஒரு கவரோடு வந்தார். உடையைக்கூட மாற்றவில்லை. என்னை உட்காரச் சொன்னார்.

"ஹேமா, போன வாரம் பிரஷர் பாக்கப் போன எடத்துல யோசிச்சுட்டு இருந்தேன். நீ கேட்டது ஒண்ணும் நான் செஞ்சதில்ல. பச்சை ஸ்கிரீன் கேட்ட, நீலம் வாங்கிட்டு வந்தேன். பொண்ணு கவியாவைச் சேலத்துக் காலேஜ்ல சேக்கலாம்ன, கோயமுத்தூர்ல சேத்தேன். ஒரு தடவைகூட நீ மூஞ்சி சுளிச்சதில்ல."

எப்படிச் சுளிப்பேன்? நீலமும் கோயமுத்தூரும் நான் நினைத்தபடிதானே நடந்தன.

கவரைப் பிரித்தேன். சின்னக் கப்பல். உள்ளறை. நடு மாடி.

"மாத்த முடியாதுங்களா?"

"எதுக்கு மாத்தோணும்? நீ கேட்டதுதானே?"

வாயைத் திறந்தேன். திறந்தால் ஸ்கிரீன் வரும், கோயமுத்தூர் வரும். இருபத்தைந்து வருடமும் வரிசையாக வரும். மூடிக்கொண்டேன்.

"நொம்ப சந்தோசங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒரு தடவையாவது, இதுதான் வேணும் என்று நேராகக் கேட்டுப் பார்த்திருக்கலாம். செய்திருப்பாரோ என்னவோ. இனி எப்படித் தெரியும்? முதன்முதலாக என் பேச்சைக் கேட்ட மனிதர், கேட்டது என் பொய்யை.

அவர் வாட்சைக் கழற்றியபடியே சொன்னார்:

"அந்த ஷீனாப் பொண்ணு தங்கமான பொண்ணு. இருபத்தஞ்சாவது கல்யாண நாளுன்னதும், அதே கப்பல்ல பால்கனி ரூமே சும்மா தரேன்னு ஒரே பிடியா நின்னுச்சு. எங்க ஊட்டம்மாவுக்குத் தலை சுத்தும்னு சொல்லி, நாந்தான் போராடி வேண்டாம்னுட்டேன்."