இடுப்பில் நாய் கட்டிய ஓட்டக்காரர்

பதக்க ஓட்டக்காரர் என்றோர் இனம் நம் ஊர்களில் பெருகிக்கொண்டு வருகிறது. உங்களுக்கும் ஒருவரையாவது தெரியாமல் இருக்காது. முக்குக் கடையில் கால் கிலோ ரவை வாங்கக்கூட வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனவர்தான். ஒருநாள் டாக்டர், "சர்க்கரை வாசப்படியில வந்து நிக்கிது" என்றார். மறுநாள் ஓட ஆரம்பித்தார். அதற்கு மறுநாள் மற்றவர்களை ஓடச் சொல்ல ஆரம்பித்தார். முதலாவதை மன்னித்துவிடலாம்.

இவர் 'ஓடினேன்' என்று சொல்லமாட்டார். 'ஒரு டென் கே போட்டேன்' என்பார், பத்துக் கிலோமீட்டரைத் தோசைக்கல்லில் போட்டதுபோல. கையில் கட்டியிருக்கும் வாட்சில் சார்ஜ் போய்விட்டால் பாதி வழியில் நின்றுவிடுவார். கணக்கில் ஏறாத ஓட்டத்துக்கு எதற்காக வியர்க்க வேண்டும்? கல்யாண வீட்டில் எல்லாரும் பெண்ணின் நகையைப் பார்க்கும்போது இவர் மாப்பிள்ளையின் முட்டியைப் பார்ப்பார். துக்க வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்கமாட்டார். "தினம் அஞ்சு கிலோமீட்டர் ஓடியிருந்தா அண்ணாச்சி இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாவ" என்று பெருமூச்சு விடுவார். அண்ணாச்சி தென்னை மரத்திலிருந்து விழுந்து இறந்தவர்.

பதக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓடி முடித்த எல்லாருக்கும், நடந்து முடித்தவர்களுக்கும்கூட, கொடுத்த பதக்கம் அது. அவர் அதைச் சொல்லமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ராஜபாளையத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி மாரீஸ்வரன். பஞ்சு மார்க்கெட் பக்கம் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பின்னால் சாமி படங்கள் இருந்த ஆணிகளில் இப்போது பதக்கங்கள் தொங்குகின்றன. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கேட்டுப் போனவர்கள், பாதத்தில் எதை முதலில் ஊன்ற வேண்டும், குதிகாலா முன்பாதமா என்று அரைமணி நேரம் பாடம் கேட்டுவிட்டு, சுண்ணாம்பை மறந்து திரும்பி வந்ததுண்டு.

ஆனால் ஒரு விஷயம் அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது. இத்தனை ஓட்டங்களிலும் அவர் பார்த்ததெல்லாம் மற்றவர்களின் முதுகு. மதுரையில் முதுகு, கோயம்புத்தூரில் முதுகு. ஒரு தடவையாவது தனக்கு முன்னால் வெறும் பாதை மட்டும் கிடக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் யாரிடமும் சொல்லாத ஒரே விஷயம் அநேகமாக இதுதான்.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஓட்டக் குழுவிலிருந்து அறிவிப்பு வந்தது. குழுவை நடத்துபவர் ஷமீர்; அங்கே செல்போன் கடை வைத்திருக்கிறார். நாயோடு ஓடும் ஓட்டம் ஒன்று நடத்தப்போவதாகச் சொல்லியிருந்தார். ஓடுகிறவர் இடுப்பில் ஒரு பெல்ட், நாயின் மார்பில் ஒரு பட்டை, நடுவில் இழுபடும் கயிறு. நாய் முன்னால் ஓடும், மனிதர் பின்னால் ஓடுவார். செண்பகத்தோப்பு போகும் வழியில், வனத்துறை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமே, மாந்தோப்புகளையும் கண்மாய்க் கரையையும் சுற்றி ஐந்து கிலோமீட்டர்.

மாரீஸ்வரன் வீட்டில் நாய் இருந்தது. அதுவும் சாதாரண நாயா? பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, நீண்ட கால்கள் கொண்ட அசல் ராஜபாளையம். பெயர் ஜமீன். ஒரு சிக்கல், அது அவருடைய நாய் அல்ல. அவர் மனைவி வெங்கடேஸ்வரி குட்டியாக வாங்கிவந்து, ராப்பகலாகப் பார்த்து வளர்த்தது. அவளுடைய காலடியில்தான் தூங்கும். மாரீஸ்வரனை அது வீட்டில் குடியிருக்கும் இன்னொருவராக மட்டுமே மதித்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசுகிற வீட்டில் பிறந்து ஆறு மாதம் அங்கேயே இருந்த நாய் என்பதால், ஜமீனுக்குத் தெலுங்கில் சொன்னால்தான் புரியும். வெங்கடேஸ்வரி நாலைந்து வார்த்தை கற்றுக்கொண்டுவிட்டாள். 'ரா' என்றால் வரும். 'ஆகு' என்றால் நிற்கும். இந்த 'ஆகு'வை மட்டுமாவது கணவருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"கூட்டிட்டுப் போறதுன்னா போங்க," என்றாள் வெங்கடேஸ்வரி. "ஆனா ரெண்டு விசயம். வெயில் ஏறிட்டா அது தாங்காது, வழியில தண்ணி காட்டணும். அது நின்னா நீங்களும் நிக்கணும்."

"ஏட்டி, ஓட்டத்தைப் பத்தி எனக்கே சொல்லித் தாரியா?"

"ஓட்டத்தைப் பத்திச் சொல்லல. நாயைப் பத்திச் சொல்லுதேன்."

மாரீஸ்வரன் சிரித்தார். பத்துக் கட்டுரை படித்தவர், நாலு வீடியோ பார்த்தவர், அவருக்கா தெரியாது? அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் சஞ்சீவி மலை அடிவாரத்தில் பயிற்சி. நாய்க்கு அவர் சொற்பொழிவு நடத்துவதைப் பால்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். மூச்சு எப்படி விட வேண்டும், ஆரம்பத்தில் வேகத்தை எப்படிச் சேமிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஜமீன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு ஒரு கல்லின் மேல் காலைத் தூக்கிவிட்டு நடந்தது.

போட்டி நாளும் வந்தது. வெங்கடேஸ்வரியும் கூடவே வந்து முடிவுக்கோட்டருகே நின்றுகொண்டாள். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்க, மாந்தோப்பு ஓரத்தில் விதவிதமான நாய்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வங்கியில் வேலை பார்க்கும் கமலவல்லி, சன்னதித் தெருவில் தானாக வந்து சேர்ந்த ஒரு நாட்டு நாயோடு நின்றிருந்தார். கரி நிறத்தில் இருந்த அதன் பெயர் பால்கோவா.

மாரீஸ்வரன் அதை மேலும் கீழும் பார்த்தார். "மேடம், முதல் தடவையா? மூச்சு வாங்குனா வெக்கப்படாம நடங்க. முடிக்கிறதுதான் முக்கியம்."

"சரிங்க சார்," என்றார் கமலவல்லி. பால்கோவா கொட்டாவி விட்டது.

ஷமீர் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் கேட்டுக்கோங்க! நாயை இழுக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, தூக்கக் கூடாது. ரெண்டு பேரும் அவியவிய கால்ல ஓடி வந்து கோட்டைத் தாண்டணும். பாதி வழியில தண்ணி வச்சிருக்கோம். முடியுத எடத்துல கால்நடை டாக்டர் இருக்காரு. ரெடியா?"

மாரீஸ்வரன் ரெடியாகத்தான் இருந்தார். ஜமீன் அதற்கு முன்பே ரெடியாகிவிட்டது. விசில் ஊதியதும் என்ன நடந்தது என்பதை அவரால் இன்றுவரை கோவையாகச் சொல்ல முடிவதில்லை. காட்டுப்பன்றியைத் துரத்திய பரம்பரையில் வந்த நாய் வில்லிலிருந்து விட்ட அம்புபோலப் பாய்ந்தது. இடுப்பு முதலில் போனது, மாரீஸ்வரன் பின்னால் போனார். வேகத்தைச் சேமிக்கும் திட்டமெல்லாம் முதல் மாமரத்தடியிலேயே உதிர்ந்துவிட்டது. "ஸ்டாப்! நில்லு! ஏலே, நில்லுலே!" என்று கத்தினார். அந்தத் தெலுங்கு வார்த்தை, மனைவி சொல்லிக்கொடுத்த அந்த ஒரே வார்த்தை, நாக்கின் நுனிக்கு வராமல் நழுவியது. கடைசியில் "போதும்! போதும்!" என்று கெஞ்சினார். தெலுங்கிலும் 'போ' என்றால் போதான். ஜமீன் அந்த முதல் எழுத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இன்னும் வேகமாகப் போனது.

ஒவ்வொரு முதுகாகப் பின்னால் போயிற்று. கண்மாய்க் கரையில் ஏறியபோது மாரீஸ்வரன் தலையை நிமிர்த்தினார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. செம்மண் பாதை, ஒரு கொக்கு, மலை. அவ்வளவுதான். அவர் வாட்சைப் பார்க்கவே மறந்துவிட்டார். மூச்சு வாங்கியதால் என்று அவர் சொல்லிக்கொள்கிறார்.

தண்ணீர் வைத்திருந்த இடம் வந்தது. ஜமீன் வாளியைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. மாரீஸ்வரன் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, பால்கோவா. "பொறவு குடிக்கலாம்டா, வா, வா!" என்று அவர் நிற்காமல் ஓட, நாயும் ஓடியது.

வெயில் ஏறியது. மேகம் கலைந்து, கரை முழுவதும் நிழலே இல்லாத வெளிச்சம். கயிறு இப்போது விறைப்பாக இல்லை என்பதை அவர் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார். ஜமீன் அவருக்கு முன்னால் இல்லை, பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னின. கடைசி மாந்தோப்புக்குள் நுழைந்ததும் ஒரு மரத்தடியில் படுத்துவிட்டது.

மரங்களுக்கிடையில் முடிவுக்கோட்டின் பேனர் தெரிந்தது. ஷமீரின் மைக் கேட்டது. "யாரோ வாராக! முதல்ல வாரது யாருன்னு தெரியல!"

மாரீஸ்வரன் குனிந்தார். "ஜமீனு, செத்த நேரம்டா. அந்தா தெரியுது பாரு. எந்திரிடா ராசா."

இதுவரை அவர் சொன்ன எதையும் கேட்காத நாய் இதைக் கேட்டது. அவர் முகத்தைப் பார்த்தது. எழுந்து, ஆடியபடி இரண்டு எட்டு வைத்து, மூன்றாவதில் மடங்கி விழுந்தது.

அந்த இரண்டு எட்டுதான் அவரை உலுக்கிவிட்டது. வாட்ச், பேனர், மைக் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "ஐயோ, ஐயோ" என்றார். பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அவ்வளவு பெரிய நாயை, நாலு காலும் நாலு பக்கம் தொங்க, இரு கைகளாலும் அள்ளித் தூக்கினார்.

கமலவல்லியும் பால்கோவாவும் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். "என்னாச்சு சார்?"

"தண்ணி... எங்கயாவது தண்ணி..."

"அந்தா, மோட்டார் ஓடுத சத்தம் கேக்குது பாருங்க, வேலிக்கு அந்தப் பக்கம். நானும் வாரேன்."

"நீங்க ஓடுங்க மேடம். ஓடிப்போய் டாக்டரை அனுப்புங்க. வேகமா ஓடுங்க!"

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒருவரை வேகமாக ஓடச் சொன்னதற்கு நியாயமான காரணம் இருந்தது.

மோட்டார்த் தொட்டியில் ஜமீனோடு அவரும் இறங்கினார். விலை கூடிய ஷூவும் வாட்சும் எல்லாமாகத்தான். குழாயிலிருந்து விழும் தண்ணீரைக் கையால் ஏந்தி அதன் வயிற்றிலும் பாதங்களிலும் ஊற்றினார். தலையைத் தன் தோளில் சாய்த்து, தண்ணீருக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மனைவியிடம் என்ன சொல்வது என்று நினைத்துப் பார்த்தார். எப்போதும் சொல்வதற்கு ஏதாவது வைத்திருக்கும் மனிதர் தொட்டிக்குள் அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.

கமலவல்லி போய்ச் சொன்னதும் வெங்கடேஸ்வரி ஓடி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு, முடிவுக்கோட்டிலிருந்து அங்குவரை உழுத காட்டுக்குள் விழுந்தடித்து வந்தாள். அன்றைக்கு ஓடியவர்களிலேயே அவள்தான் வேகம் என்பது என் கட்சி; யாரும் கணக்கெடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் கால்நடை டாக்டர் பையோடு மூச்சிரைத்து வந்தார்.

"ஜமீனு, ரா!" என்றாள்.

வால் தண்ணீரை ஒருமுறை அடித்தது. பிறகு இன்னொருமுறை. மாரீஸ்வரன் தொட்டிக்குள்ளேயே அழுதுவிட்டார்.

"நீ சொன்னே. நான்தான் கேக்கல, வெங்கடேசு."

அவள் நாயின் காதைத் தடவிக்கொண்டே அவரையும் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்து, மீசையில் பாசி ஒட்டியிருந்த அந்த மனிதரை வைவதா வேண்டாமா என்று யோசித்ததுபோல் இருந்தது. "மேல ஏறி வாங்க. சளி பிடிச்சுக்கப் போகுது," என்றாள் கடைசியில்.

டாக்டர் நாயைச் சோதித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லவேளை, உடனே தண்ணியில இறக்கிட்டிய. பயப்பட வேண்டாம். ஆனா ஒரு மாசத்துக்கு ஓட்டம் கிடையாது."

"எனக்கா டாக்டர்?"

"நாய்க்கு. உங்களுக்கு எம்புட்டு மாசம்னாலும் எல்லாருக்கும் நல்லதுதான்."

முதல் பரிசு கமலவல்லிக்கும் பால்கோவாவுக்கும் போனது. நாயைத் தூக்கியதால் மாரீஸ்வரன் போட்டியிலேயே இல்லை என்று ஷமீர் வருத்தத்தோடு அறிவித்தார். கழுத்தில் ஒன்றும் தொங்காமல் அவர் ஊர் திரும்பியது அதுவே முதல்முறை. வாடகைக் காரின் பின்சீட்டில் ஜமீன் தலையை அவர் மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தது. அவர் ராஜபாளையம் வரை காலை அசைக்கவில்லை.

மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படி நினைத்துத்தான் மறுநாள் கடைக்குப் போனேன். "வாங்க, வாங்க," என்றார் மாரீஸ்வரன். "நாயைத் தூக்கிட்டு ஓடுனேன்லா, அதுக்குப் பேரு லோடட் கேரி. இடுப்புக்கு அதைவிட ஒசந்த பயிற்சி உலகத்துல கிடையாது." வாரக் கடைசிக்குள் அந்த மரத்தடிக்கும் தொட்டிக்கும் இடையிலான தூரம் ஒரு கிலோமீட்டர் ஆகிவிட்டது, ஜமீன் ஒரு கன்றுக்குட்டியின் எடைக்கு வந்துவிட்டது. இப்போது வாடிக்கையாளர்களிடம் பெயிண்ட் வாளியைக் கொடுத்து, கடையை இரண்டு சுற்று சுற்றி வரச் சொல்கிறார்.

ஆனால் சாயங்காலங்களில் அவரையும் வெங்கடேஸ்வரியையும் ஜமீனோடு தெருவில் பார்க்கலாம். நடைதான். நாய் எந்தக் கம்பத்தடியில் நின்றாலும் அவரும் நின்றுவிடுகிறார், அது முகர்ந்து முடிக்கும்வரை.

இவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை உண்டு, நன்றாகவே சிரிக்கலாம். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. அவர் அந்தக் கண்மாய்க் கரையில் நாய் இழுத்த இழுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தாரே, அப்போது உங்களுக்குள் ஒரு குரல், 'ஆரம்பத்துல இம்புட்டு வேகம் போயிருக்கக் கூடாது, நானா இருந்தா...' என்று மெல்ல ஆரம்பித்ததா? ஆரம்பித்ததென்றால் தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள். எனக்கு முட்டி வலி. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.