சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்

மேஜைக்குப் பின்னால் மட்டுமே வளரும் ஓர் உயிரினத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். பெயர், கேட்கும் மேனேஜர். கேட்காத மேனேஜரைச் சமாளித்துவிடலாம். அவர் கத்துவார், நாம் முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இவர் கேட்பார். அங்கேதான் ஆபத்து.

எப்படி அடையாளம் காண்பது? நல்ல தலைவருக்கு முதல் தகுதி பிறர் சொல்வதைக் கேட்பது என்று ஏதோ ஒரு ஹோட்டல் ஹாலில் மூன்று நாள் பயிற்சி எடுத்திருப்பார். சான்றிதழ் சுவரில் தொங்கும். அன்றிலிருந்து அவர் அறைக் கதவு சாத்தப்படாது. நீங்கள் உள்ளே போனதும் செல்போனைக் கவிழ்த்து வைப்பார், கவிழ்த்ததை நீங்கள் கவனித்தீர்களா என்று கவனிப்பார், உடம்பை முன்னால் சாய்ப்பார், நோட்டைத் திறப்பார், பேனா மூடியைக் கழற்றுவார், நீங்கள் சொன்னதில் கடைசி இரண்டு வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வார், பிறகு தலையை ஆட்டுவார். ஆட்டிக்கொண்டே இருப்பார். எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் இவருக்குத் தலையாட்டி என்றே பெயர்.

அங்கே காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் ஒருவர் இருக்கிறார். காகிதக் கட்டை உள்ளே தள்ளிக் காலால் மிதித்தால், கை நீளக் கத்தி இறங்கும். குறுக்கே கை போனால் கத்தியை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. ஒரு திங்கட்கிழமை அது செத்துப்போனது. மெக்கானிக்கைக் கூப்பிட மேனேஜரின் கையெழுத்து வேண்டும்.

"சார், கை உள்ள போனாலும் கத்தி நிக்கல."

"கத்தி நிக்கல..." தலை ஆடியது. "அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு சார்."

"பயமா இருந்துச்சு." எழுதிக்கொண்டார். "மனசு விட்டுச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி."

வெளியே பைண்டிங் பிரிவுப் பெண் காத்திருந்தார்.

"என்னண்ணே, கேட்டாரா?"

"கேட்டாரும்மா. எங்க வீட்டுலகூட யாரும் என்னை இப்படிக் கேட்டதில்ல."

"மெக்கானிக் எப்ப வர்றாராம்?"

"அடடா. அவர் கேட்ட அழகுல அதை மறந்துட்டேன்."

புதன்கிழமை மறுபடி போனார். "இந்தப் பத்து விரலை நம்பித்தான் சார் வீட்டுல நாலு பேர் சாப்பிடறோம்."

"நாலு பேர் சாப்பிடறோம்..." இந்த முறை மேனேஜரின் கண் லேசாகக் கலங்கியது. கையெழுத்து விழவில்லை. அவர் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தது தான் கேட்கும் அழகை. அதற்கிடையில் விரல் எங்கே வந்தது?

வீட்டிலும் இதே கதைதானாம். "சமையலறையில குழாய் உடைஞ்சு தண்ணி கொட்டுதுங்க" என்றாராம் மனைவி. "தண்ணி கொட்டுது... இன்னும் சொல்லு" என்றாராம் இவர். "சொல்ல ஒண்ணுமில்ல. காலைத் தூக்கிச் சோபா மேல வைங்க."

இரண்டு நாளாக மரக்கட்டையால் காகிதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார் நம் வெட்டும் இயந்திரக்காரர். வெள்ளிக்கிழமை தலையாட்டியே நோட்டும் கையுமாக இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஊழியர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கேட்பது, பயிற்சியில் மூன்றாம் நாள் பாடம்.

"சொல்லுங்க. இன்னைக்கு என்ன மனசுல இருக்கு?"

இயந்திரக்காரர் கையை நீட்டினார். "அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க சார்" என்று வாங்கினார். கை போகும் இடத்தில், சென்சாருக்கு நேர் கீழே வைத்தார். மிதித்தார்.

கத்தி நிற்கவில்லை.

நோட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது. முதல் முறையாக அந்தத் தலை ஆடாமல் நின்றது.

"யோவ், இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?"

இயந்திரக்காரர் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து காட்டினார். தேதி, நேரம், 'கத்தி நிக்கல', அதன் அடியில் ஒரு கோடு. என்ன அழகான கையெழுத்து! வேண்டிய காகிதத்தில்தான் அது விழவில்லை.

மெக்கானிக் அன்று மத்தியானமே வந்தார். பத்து விரலும் பத்திரம். மேனேஜர் அடுத்த வாரம் புது நோட்டு வாங்கினார், முந்தையதைவிடத் தடிமன்.

சிரிக்கிறீர்கள். உங்கள் மேனேஜரின் முகம் கண்ணில் வந்திருக்கும், வரட்டும். போவதற்கு முன் ஒன்று. இதைப் படிக்கத் தொடங்கிய பிறகு பக்கத்தில் இருந்தவர் உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்களும் கண்ணை எடுக்காமல் "ம்" என்று தலையை ஆட்டினீர்கள்.

என்ன சொன்னார்?