பேரிங் அண்ணாச்சியின் பல்செட்

உலகத்தில் எது கெட்டாலும் அதற்குப் பேரிங்தான் காரணம் என்று நம்பும் ஒரே மனிதர் எங்கள் பேட்டை ரோட்டில் இருக்கிறார். பழைய மெஷின்களைப் பழுது பார்ப்பவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் பேரிங் அண்ணாச்சி.

மிக்சி கத்தினால் பேரிங். மின்விசிறி ஆடினால் பேரிங். என் மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "பேரிங் தேஞ்சுட்டு வே, கிரீஸ் வத்திட்டு" என்றார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரும் அதையேதான் இங்கிலீஷில் சொன்னார். தேர்தலுக்கு முன்னால் போட்ட ரோடு தேர்தல் முடிந்ததும் பெயர்ந்தபோது, "போட்டவனுக்கே பேரிங் சரியில்ல" என்று முடித்துவிட்டார்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் மெஷின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். அப்போது ஊரே வாயை மூட வேண்டும். எதிர்த்த மாவு மில் நிற்க வேண்டும். பக்கத்து வெல்டிங் பட்டறை மாரியப்பன் தும்மக் கூடாது. ஒருமுறை டவுன் பஸ்ஸையே கைகாட்டி நிறுத்தினார். ஏறப்போகிறார் என்று நினைத்த கண்டக்டரிடம், "எஞ்சினை அணையும் வே, இங்கன நோயாளியப் பாக்கேன்லா!" என்றார்.

நான் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். ஏரல்காரர் ஒருவருக்குப் பூஜை அறைக் கதவு செய்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அவர் புதுவீட்டுப் பால்காய்ப்பு. அந்த நேரம் பார்த்து, மரத்தின் ஓரத்தில் வளைவு போடும் என் பழைய ரூட்டர் மெஷின் அலற ஆரம்பித்தது. தெருநாய்கள் வேறு தெருவுக்குக் குடிபோயின. செதுக்கிய இடமெல்லாம் அலை அலையாக வந்தது.

புதிதாகத் திறந்திருந்த சர்வீஸ் சென்டரில் டை கட்டிய பையன் மெஷினைத் திறக்கக்கூட இல்லை. "பழைய மாடல் சார், பார்ட்ஸ் வராது. புதுசு வாங்கிருங்க, கேஷ்பேக் இருக்கு" என்றான். நேரே அண்ணாச்சியிடம் போனேன். அவர் என்ன சொல்வார் என்பது ரோட்டுக்கே தெரியும்.

ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் கேட்டார்.

"பேரிங் நல்லாருக்கு வே."

மாரியப்பன் வெல்டிங்கைத் தானாகவே நிறுத்தினான். அவன் ஆயுளில் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை.

"நல்லாருக்கா அண்ணாச்சி?"

"பச்சப்புள்ள மாதிரி தூங்குது. உள்ள கரண்ட் கொடுக்குத கார்பன் தேஞ்சிருக்கும், மாத்துதேன்."

மெஷின் அந்த நேரமும் அலறிக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்குப் புரிந்துவிட்டது. மாரியப்பன் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

கார்பன் மாற்றினார். ஒரு துண்டு மரத்தில் ஓட்டிப் பார்த்து, "பாத்தீரா, சத்தமே இல்ல" என்று சிரித்தார். பிறகு செதுக்கிய ஓரத்தில் விரலை ஓட்டினார். அலை அப்படியே இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏலே மாரியப்பா, மெஷின் கத்துதாலே?"

"ரோட்டு இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி" என்றான் மாரியப்பன். அன்று ரோட்டில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை.

அண்ணாச்சி அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அப்பம் எனக்குத்தான் கேக்கல" என்றார், பைய. ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனார். கதவாவது, பால்காய்ப்பாவது, எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. இந்த மனிதர் அந்தப் பெட்டியை மூடிவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

மூடவில்லை. சட்டென்று மரம் செதுக்கும் பிட்டைக் கழற்றினார், மெஷினைப் போட்டார், ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு நுனியை மெஷின்மேல் வைத்தார். காதுக்கு எட்டாத அதிர்வில் பல்செட் கடகடவென்று தந்தி அடித்தது. மெஷினை அணைத்தார். இரண்டு பல்செட்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கினார்:

"ரெண்டும் போச்சு வே! மேலயும் போச்சு, கீழயும் போச்சு!"

மெஷினைச் சொல்கிறாரா பல்லைச் சொல்கிறாரா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா? வயரைப் பிடுங்கி, கார்பனை எடுத்து, உள்ளே சுற்றும் ஆர்மேச்சரை உருவினார். அதன் மேலும் கீழும் இருந்த இரண்டு பழைய பேரிங்குகளையும் விரலால் சுற்றிக் காட்டினார். மணல் அரைக்கிற மாதிரி நறநறத்தன. புதுசை வைத்துத் துண்டுக் குழாயால் மாரியப்பன் தட்டும்போது அவனுக்குத் திட்டும் விழுந்தது: "உள்வளையத்துல தட்டணும்லே. வெளிவளையத்துல தட்டுனா புதுசும் இன்னைக்கே கிழவனாயிரும்!"

வெள்ளிக்கிழமை ஏரலில் பால் பொங்கியது. கதவில் ஓர் அலை இல்லை.

இப்போது என்னிடம் புது ரூட்டர் இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவ்வப்போது அதைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் போகிறேன். கடித்துப் பார்க்கிறார், கண்ணை மூடுகிறார், "பேரிங் போச்சு வே" என்கிறார்.

போகவில்லை. எனக்குத் தெரியும்.

"மாத்திருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறேன்.