மாமாவின் இரண்டு காதுகளும் இரண்டு மருமகன்களும்

எங்கள் கரையோர ஊர்களில் கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டோடுதான் போய் இருப்பான். ஒரு வளவுக்குள் ஒரே மருமகன் என்றால் அவன் ராசா. இரண்டு பேர் என்றால் மூத்தவன் ராசா. இளையவன், கூரை ஒழுகினால் தேடப்படும் ஆள். நான் இளையவன்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பொத்துவிலில் மீன் லொறியில் தொற்றி, அறுகம்பேயில் வெள்ளைக்காரர்களின் அலைச்சறுக்குப் பலகைகளைச் சுமந்து, கொழும்பில் மூட்டை தூக்கி, பட்டினியோடு நன்றாகப் பழகிய பிறகு சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். மூத்த மருமகன் ஹனீபா காக்காவுக்கு (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) குவைத்தில் வேலை. அவர் லீவில் வந்து இறங்கும் நாளில் கோழி அறுபடும். (நான் வருடம் முழுக்க அங்கேதான் இருந்தேன். என்னைக் கண்டு எந்தக் கோழியும் பயந்து ஓடியதில்லை.)

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமாவுக்குக் காது மந்தமானது. காலமெல்லாம் நெல் மில்லில் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். கடைசி மகளுக்கு மருதமுனையில் நெசவு வேலை செய்யும் கலீலைப் பேசி முடித்திருந்த நேரம் அது. நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பாதான் வலீ. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கட்டித் தருவதாகச் சொல்ல வேண்டும்; அவன் ஏற்றுக்கொண்டதாகச் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். அந்தப் பொறுப்பை மாமாவின் தம்பியிடம் கொடுத்துவிடலாமே என்று மாமி சொல்லிப் பார்த்தார்.

"ஏலா," என்று மறுத்தார் மாமா. "என்ட கடைசிப் புள்ள. நான்தான் குடுப்பன். அவன் ஏத்துக்கிட்டன் எண்டு செல்றத என்ட காதாலதான் கேப்பன்."

ஹனீபா காக்கா குவைத்திலிருந்து காது மெஷின் கொண்டுவரப் போகிறார் என்று செய்தி வந்ததும் நான் கொழும்புக்கு பஸ் ஏறினேன். (மாமாவின் காதும் ஒரு காரணம்தான்.) கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று காதுக்குப் பின்னால் கொளுவுவது. மற்றது சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து வயர், வயரின் நுனியில் காதில் செருகும் பொத்தான், பெட்டியின் ஓரத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம்.

"பாவிக்கிறவர் வரல்லியா? எந்தக் காது, எவ்வளவு மந்தம் எண்டு பாக்க வேணுமே," என்றார் கடைக்காரர்.

"அவருக்குக் காது ரெண்டும் இருக்கு. பெருசாப் பாத்துத் தாங்க," என்றேன். சின்ன ரேடியோவைவிடப் பெரிய ரேடியோ கூடச் சத்தம் போடும். என் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு விசயம் உறைத்தது. பெட்டியைச் சட்டைப் பையில் வைக்க வேண்டும். மாமா வீட்டில் சட்டையே போடமாட்டார். சாரமும் அகலமான பெல்ட்டும்தான். பெல்ட்டுக்குள் செருகிவிட்டேன். மாமா சற்று நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, "மனே, என்ட வயித்துக்குள்ள ஆரோ டிராக்டர் ஓட்டுறான்," என்றார்.

அடுத்த வாரம் ஹனீபா காக்கா வந்தார். கோழி அறுபட்டது. அவருடைய கருவி கஜுப் பருப்புப் போல வளைந்து மாமாவின் வலது காதுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது.

"பாத்தியளா, இருக்கிறதே தெரியல்ல!" என்று மாமி பூரித்தார்.

எனக்குத் தெரிந்தது. படுத்தாலும் எழும்பினாலும் அது மட்டும்தான் தெரிந்தது.

அதன் குறைகளைப் பொறுக்கிச் சேர்ப்பதே என் தொழிலாயிற்று. தொப்பி அழுத்தினால் கீச்சிட்டது. தொழுகையில் சுஜூதுக்குக் குனிந்தால் பாயில் விழுந்தது. தொழுமுன் கைகால் கழுவி வுளூ எடுக்கையில் ஈரவிரலால் காதைத் தடவ வேண்டுமே, அதனால் ஒவ்வொரு தொழுகைக்கும் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் மாமியிடம் ஒப்புவித்தேன்.

"அது விழுந்தா பொறுக்கி எடுக்கலாம் மனே," என்றார் மாமி. "உங்கட விழுந்தா காலல்லவா நசிஞ்சிரும்!"

நிக்காஹ் நாள் வந்தது. யார் மனமும் நோகக்கூடாது என்று மாமா வலது காதில் குவைத்தையும் இடது காதில் கொழும்பையும் மாட்டிக்கொண்டு பந்தலில் வந்து உட்கார்ந்தார். என் பெட்டி கடைசியில் ஒரு சட்டைப் பையைக் கண்டது. வலப்பக்கம் ஹனீபா காக்கா, இடப்பக்கம் நான்.

காக்கா குனிந்து, "கேக்குதா மாமா?" என்றார்.

"ஓம் மனே, நல்லாக் கேக்குது."

நானும் குனிந்து அதையே கேட்டேன்.

"ஆ?" என்றார் மாமா.

மாமாவின் சால்வையைச் சரிசெய்கிற சாட்டில் அவருடைய பைக்குள் கைவிட்டுச் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினேன். மாமா திரும்பி ஹனீபா காக்காவைப் பார்த்துச் சிரித்தார். கடைசிவரை திருப்பிவிட்டேன்.

சரியாக அப்போதுதான் மௌலவி, ஊரே கேட்கட்டும் என்று மைக்கை மாமாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். மைக்கும் பெட்டியும் ஒன்றையொன்று கண்டு ஊளையிட்டன. தென்னையில் கட்டியிருந்த ஸ்பீக்கர் அந்த ஊளையைக் கடற்கரைவரை கொண்டுபோனது. கலீலின் கையைப் பிடித்திருந்த மாமா அதை உதறிவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, மைக்குக்குள்ளேயே கத்தினார்:

"நிப்பாட்டுங்க! எனக்கு ஏலா! ஏலவே ஏலா!"

வலீ ஏலாது என்றால் கலியாணமே இல்லை. திரைக்குப் பின்னால் கல்யாணப் பெண் விம்மும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் பெரியவாப்பா எழுந்தார். "ஏலாதாமே! இத நேத்துச் செல்லியிருக்கலாமே! எழும்புங்கடா!"

சாப்பாட்டுச் சஹன்களைத் தூக்கி வந்தவர்கள் வைப்பதா கொண்டுபோவதா என்று தெரியாமல் நின்றார்கள். மாமாவோ, ஏன் எல்லோரும் எழும்புகிறார்கள் என்று விளங்காமல் முழித்தார். என் கை இன்னும் அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது.

"தம்பி," என்றார் ஹனீபா காக்கா, ஊர் முழுக்க என்னைப் பார்க்கும்படி. "கைய வெளிய எடுங்க."

கலீல்தான் காப்பாற்றினான். மாமாவின் இரு காதிலிருந்தும் கருவிகளைப் பக்குவமாகக் கழற்றி என் மடியில் வைத்தான். இடது காதோடு இரண்டு கைகளையும் குவித்து வைத்து, "மாமா, எங்கட தறிச் சத்தத்துக்குள்ள நாங்க இப்பிடித்தான் கதைக்கிற. நீங்க செல்லுங்க, நான் பதில் செல்றன்," என்றான்.

மாமா மறுபடி கையைப் பிடித்து மகளைக் கொடுத்தார். கலீல் ஏற்றுக்கொண்டதாக அந்தக் காதுக்குள் சொன்னான். மாமாவின் கண் கலங்கியது. "கேட்டுது," என்றார். "முழுசாக் கேட்டுது."

பின்னர் மட்டக்களப்பில் ஒரு டாக்டர் காதைச் சோதித்து, இடது காதுக்கு அச்செடுத்துப் பொருத்தமான கருவி ஒன்றைக் கொடுத்தார். வலது காது அடியோடு போய்விட்டதாம். "நல்லாக் கேக்குது மனே" என்றது முழுக்க மரியாதைக்கு! அன்று நான் பட்ட சந்தோசத்தை என்னவென்று சொல்ல! ஆனால் அதற்குள் மாமா தன் பக்கத்துப் பாயைக் கலீலுக்குக் கொடுத்திருந்தார். நானும் ஹனீபா காக்காவும் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்து, ஒரே ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த நிக்காஹ் என்றாலும், மௌலவி தொடங்குமுன் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வரும்: "அவர்ட கை எங்க?" நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினால்தான் காரியம் நடக்கும்.

என் மகளின் நிக்காஹ்வில் நானே வலீ. மாப்பிள்ளை என் வலது கையைப் பிடித்தபடி காத்திருந்தான். மௌலவி தொடங்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து இடது கை எங்கே என்று கேட்டார்கள்.