கரடியின் சாக்கெட்டும் முள்ளம்பன்றியின் பொன்னாடையும்

ஒரு காட்டின் கணினிகளில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறும்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதைப் பற்றி அங்கே யாரும் பீற்றிக்கொள்ளவில்லை.

விண்டோஸ் ஓடும் காட்டிலிருந்து ஒரு கரடி அங்கே பிழைக்க வந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் எல்லா வீடுகளுக்கும் செய்தி அனுப்பும் புரோகிராமை எழுதும் வேலை அதற்குக் கிடைத்தது. ஒரு புரோகிராம் தூரத்திலிருக்கும் இன்னொன்றோடு பேச, சாக்கெட் என்று ஒரு வாசல் உண்டு. இரண்டு காட்டிலும் அதற்குப் பெயர் ஒன்றுதான். பெயர் ஒன்றானால் குணமும் ஒன்றுதான் என்று கரடி நம்பியது. சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட இதைவிடக் கொஞ்சம் விசாரிப்பார்கள்.

தன் பழைய புரோகிராமையே கொண்டுவந்து, சாக்கெட்டைத் தொடுமுன் தன் காட்டில் எழுதவேண்டிய பூசை வரிகளை, இங்கே தேவையில்லை என்று எடுத்துவிட்டது. சாக்கெட்டை மூடும் கட்டளையின் பெயரை இந்தக் காட்டுக்கு ஏற்ப மாற்றியது. "மாத்தியாச்சு, அவ்வளவுதான்" என்று தேன் குடிக்க உட்கார்ந்தது.

முதல் இணைப்பு மர உச்சியில் வசித்த மயிலுக்கு. வெள்ளம் எட்டாதவர்களுக்குத்தான் எந்தக் காட்டிலும் முதல் இணைப்பு. கடைசி இணைப்பு, ஆற்றங்கரைப் பொந்தில் குட்டிகளோடு இருந்த முயலுக்கு.

"கரடியண்ணே, செய்தி கட்டாயம் வந்துடும்ல? சின்னக்குட்டிக்கு இன்னும் கண்ணே தெறக்கல" என்றது முயல்.

கரடி தேனைக் கீழே வைத்தது. யூனிக்ஸைக் கரைத்துக் குடித்த முள்ளம்பன்றியைத் தேடிப் போனது.

"ஐயா, எங்க காட்டுல எதிர்ப்பக்கம் இணைப்பை அறுத்துட்டுப் போயிட்டா, அனுப்பும்போது பிழைன்னு சொல்லும். நாங்க அடுத்த ஆளுக்குப் போயிடுவோம். இங்கயும் அப்படித்தானே?"

"விண்டோஸா?"

"ஆமாங்க."

"மூஞ்சியிலயே தெரியுது. மேனுவல் படிச்சியா?"

"எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா..."

"நாங்கல்லாம் பக்கம் கேட்டா படிச்சோம்?" முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு முள்ளம்பன்றி போய்விட்டது.

கரடிக்கு ரோஷம் வந்தது. மேனுவலைத் திறக்கும் அளவுக்கு வரவில்லை.

மழை பிடித்தது. தண்ணீர் மட்டச் செய்திகள் வந்து வந்து சலித்துப்போன மயில், இணைப்பைத் துண்டித்தது. அன்று மாலையே ஆறு பொங்கியது. புரோகிராம் முதலில் மயிலிடம், "ஆறு ஏறுகிறது" என்றது. பதில் இல்லை. "உடனே வெளியேறவும்" என்று தொடர்ந்தது. ஆளில்லாத இணைப்பில் பேசிக்கொண்டே போனால், பேசுகிறவனுக்கு ஒரு சிக்னல் அனுப்பி அங்கேயே கொன்றுவிடுவது யூனிக்ஸின் வழக்கம். புரோகிராம் செத்தது. ஒரு முனகல் இல்லை. அதற்குப் பிறகு யாருக்கும் செய்தி போகவில்லை.

தண்ணீர் காலைத் தொட்ட பிறகுதான் முயலுக்குத் தெரிந்தது. கவ்வ முடிந்த குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேடேறியது. சின்னக்குட்டி வரவில்லை.

மறுநாள் காடு கூடியது. முள்ளம்பன்றி புரோகிராமை ஒரு பார்வை பார்த்தது. "அந்தச் சிக்னலைக் கண்டுக்காதேன்னு மேல ஒரு வரி எழுதியிருக்கணும். ஒரே வரி."

கூட்டம் வாயைப் பிளந்தது.

"அந்த ஒரு வரி உங்களுக்கு முன்னாடியே தெரியுமாய்யா?" என்று முயல் கேட்டது.

"சின்ன வயசுலேர்ந்தே தெரியும்" என்றது முள்ளம்பன்றி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

கரடியை அடித்து விரட்டினார்கள். மயில் தலைமையேற்று, முள்ளம்பன்றிக்குப் பொன்னாடை போர்த்தியது. அது முள்ளில் மாட்டிக் கிழிந்தது. முயல் கைதட்டவில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

நீதி: வெள்ளத்துக்கு முன் சொன்னால் அது வெறும் உதவி, பின்னால் சொன்னால் புலமை. பொன்னாடை வேண்டுமானால், தண்ணீர் வடியும்வரை வாயைத் திறக்காதே.